இங்கிலாந்தில் சோற்றை விட வேண்டுமா?

அன்புத் தம்பிக்கு,

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக லெஸ்டருக்கு வந்திருக்கும் நீங்கள், சோற்றை விட்டு இங்குள்ளவர்களைப் போல ஓட்ஸும் சாலடும் சாண்ட்விச்சும் சாப்பிட்டால்தான் உடம்பு நன்றாக இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நெடுங்காலமாக இங்கே குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் நான் சொல்வது: சமையலை மாற்ற வேண்டாம், அளவுகளை மாற்றுங்கள்.

தட்டு நிறையச் சோறு, அதன்மேல் சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்பது நம் வீட்டு வழக்கம். வயலிலும் பட்டறையிலும் நாள் முழுதும் உழைத்தவர்களுக்கு அது சரியாக இருந்தது. காலை முதல் கணினிமுன் அமர்ந்துவிட்டு, குளிருக்கு அஞ்சி மாலையிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு அது மிகை. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இரண்டாம் வகை நீரிழிவு வரக்கூடும் என்பதால், மற்றவர்களுக்கு 25 என்றிருக்கும் உடல் நிறை குறியீட்டின் (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) மிகை எடை எல்லையை இந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் நமக்கு 23 என்று வைத்திருக்கின்றன. ஆகவே தட்டில் பாதிக்குக் காய்கறியும், கால் பங்குக்குப் பருப்போ கொண்டைக்கடலையோ முட்டையோ மீனோ வைத்துக்கொண்டு, மீதிக் கால் பங்கில் சோற்றை வையுங்கள். சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் செய்தால், அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் என்று இங்குள்ள சுகாதாரத் துறை சொல்லும் கணக்கிலும் அது வராது.

இவ்வூரில் இந்தியக் கடைகள் நிறைந்த பெல்கிரேவ் சாலையில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கிடைக்கும். ஆனால் தொலைவிலிருந்து வரும் காய்களை மட்டுமே நம்பினால் செலவு கட்டுப்படியாகாது. எல்லா சூப்பர் மார்க்கெட்டுகளிலும் மலிவாகக் கிடைக்கும் கேல் கீரையை வாங்கி, நடுத்தண்டை உருவிவிட்டுப் பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, முக்கால் வேக்காட்டில் எடுத்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கிளறினால், முருங்கைக்கீரைப் பொரியலுக்கு ஏறக்குறைய ஈடாக இருக்கும். கீரை சற்று முரடு என்பதால் மூடி போட்டு வேகவிடுங்கள். உறைய வைத்த பச்சைப்பட்டாணியையும் பீன்ஸையும் தயங்காமல் வாங்கலாம், சத்தில் பெரிய குறைவு இல்லை.

மதியத்தில் அலுவலகத்தின் அருகே சாண்ட்விச், சிப்ஸ், குளிர்பானம் மூன்றையும் ஒரே விலைக்குத் தருவார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகிறார்கள். நம் புளிக்குழம்பைவிட அது ஆரோக்கியமானது என்று எண்ண வேண்டாம். பல பொட்டலங்களின் முன்பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். நூறு கிராமில் உப்பு 1.5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. நாளுக்கு 6 கிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்நாட்டு அறிவுரை என்பதால், ஊரிலிருந்து கொண்டு வந்த ஊறுகாயையும் அப்பளத்தையும் அதே கண்ணோடு பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்குள்ள வெயிலில் நம் தோல் போதிய வைட்டமின் டி உண்டாக்க முடியாது; நம் நாட்டுத் தோல் நிறத்துக்குக் கோடையிலும் அது பற்றாமல் போகலாம். இந்நாட்டுப் பசும்பாலில் பொதுவாக அதைச் சேர்ப்பதும் இல்லை. ஆகவே நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையை ஆண்டு முழுதும் எடுத்துக்கொள்வது நல்லது; மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். சைவ உணவுக்காரராக இருந்து பாலையும் தயிரையும் குறைத்திருந்தால் பி12 பற்றியும் கவனம் தேவை.

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருந்தால், முப்பது நாற்பது வயதாகட்டும் என்று காத்திருக்காமல், உங்கள் பகுதி ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிவு செய்த கையோடு அதைச் சொல்லி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.