மருத்துவர் பதில்: ஈயச்சொம்பை இறக்கி வையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. இரண்டு மாதமாக அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறாள். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. முகம் வெளுத்திருக்கிறது, மண்ணையும் சுவர்க் காரையையும் வாயில் போடுகிறாள். கடையில் கேட்டு வாங்கிய இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் தெளிவில்லை. வீடியோ பார்த்து வீட்டிலேயே கலப்படம் சோதித்தேன். சோற்று உருண்டை பந்துபோல் எகிறியது. மஞ்சள்தூளில் பாத்ரூம் ஆசிட் விட்டதும் சிவந்தது. நச்சு முறிய கரி மாத்திரை கொடுக்கிறேன். அலுமினியத்தை ஒழித்துவிட்டு, ஆன்லைனில் வாங்கிய ஈயச்சொம்பில்தான் தினமும் ரசம் வைக்கிறேன். பால், தர்பூசணி, முட்டை என்று எதைத்தான் நம்புவது? எதில் விஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: அந்த ஆசிட் பாட்டில் இன்னும் சமையலறையில் இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். கண்டதையும் வாயில் போடும் பிள்ளை இருக்கிற வீடு அது. உணவுக்குழாய் வெந்துபோன குழந்தையைப் பார்த்தவர்கள் யாரும் இப்படி வீடியோ போட மாட்டார்கள். கரி மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள். உலோக நஞ்சை அது பிடித்து வெளியேற்றாது. கொடுக்கிற மற்ற மருந்துகளைத்தான் உறிஞ்சிவிடும்.

உங்கள் பட்டியலில் நீங்கள் சந்தேகப்படாத ஒரே பொருள் ஈயச்சொம்பு. எனக்கு அதன்மேல்தான் கண்.

ரசம் வைக்கிற சொம்பு சுத்தமான வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். அது விலை அதிகம். காரீயம், அதாவது லெட் என்கிற நச்சு உலோகம், மலிவு, வார்ப்பதும் சுலபம். இரண்டையும் கலந்து வார்த்தால் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். காகிதத்தில் தேய்த்துப் பார், வளைத்தால் சத்தம் வருகிறதா கேள் என்பதெல்லாம் கலப்பு குறைவாக இருந்தால் கைகொடுக்காது. அதில் புளியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும்போது, அந்தப் புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும். ருசியில் தெரியாது, வாசனையிலும் தெரியாது. பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தையின் குடல் அதை உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த குழந்தையென்றால் இன்னும் கூடும்.

வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளுப்பு, மண் தின்பது எல்லாமே வெறும் இரும்புச்சத்துக் குறைவாலும் வரலாம், பூச்சித் தொல்லையாலும் வரலாம். அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் இரும்பு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், அப்புறமும் டானிக்கை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்றே யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் குழந்தை மருத்துவரிடம் போய், ரத்த அணுக்களின் எண்ணிக்கையோடு ரத்தத்தில் காரீய அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சொம்பு விஷயத்தையும் சுவர்க் காரை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் நரம்பிலிருந்து எடுப்பதே நல்லது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை இந்த வயதில் 45 தொட்டால் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே பெரும்பாலும் வரும் வழியை அடைத்து, இரும்பும் கால்சியமும் கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வைத்தியம். ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்துக்கொரு முறை ஏறக்குறைய பாதியாகும், எலும்பில் சேர்ந்தது மெதுவாகத்தான் போகும்.

மஞ்சள்தூளுக்கு வருவோம். நல்ல மஞ்சளே கடும் ஆசிட் பட்டால் சிவக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்தச் சிவப்பு நிற்கிறதா என்பதுதான் சோதனை. அதுவும் மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்துக்கு. உங்கள் வீடியோக்காரர் பாதியோடு நிறுத்திவிட்டார். பாலில் மாவு கலந்திருந்தால் அயோடின் நீலமாகக் காட்டும் என்பது சரிதான். இந்த மாதிரிச் சோதனைகள் அள்ளிக் கொட்டிய கலப்படத்தைப் பிடிக்கும். மஞ்சளில் காரீயத்துக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அந்த அளவை டம்ளர் தண்ணீரில் எப்படிப் பார்ப்பது?

அதற்குக் கருவி வேண்டும். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே பெட்டியின் கையடக்க வடிவம் ஒன்று உண்டு. கிழங்கு பளபளக்க லெட் குரோமேட் என்ற காரீயச் சாயம் பூசிய வங்கதேச வியாபாரிகளை 2019-ல் அதை வைத்துத்தான் சந்தையிலேயே பிடித்தார்கள். அதற்கு முன் சோதித்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021-ல் ஒன்றிலும் இல்லை. அடுப்படி சோதனையால் நடந்த காரியமில்லை அது. நம்மூரிலும் வாங்கிய உணவுப்பொருளைக் கட்டணம் கட்டி அரசு ஆய்வகத்தில் சோதிக்க நுகர்வோருக்குச் சட்டத்தில் இடமுண்டு. சென்னை கிண்டியில் ஒன்று இருக்கிறது. மகளின் ரத்த முடிவு வந்த பிறகு, தேவைப்பட்டால் போகலாம். அதுவரை உதிரி மஞ்சள்தூளும் மினுமினுக்கும் கிழங்கும் வேண்டாம், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எந்தச் சோற்றையும் அழுத்தி உருட்டினால் எகிறும், அது மாவுச்சத்து. ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்றாக வேறு மாதிரித் தெரிந்தால் அது இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்த்த மணி. அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு டானிக் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் முட்டை செய்கிற செலவில் நாலு நிஜ முட்டை வாங்கலாம். 2025 கோடையில் தர்பூசணிச் சாயப் பீதியில் நஷ்டப்பட்டது விவசாயிகள்தான். பழத்தைக் கழுவி வெட்டிக் கொடுங்கள்.

ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள். கதவு, ஜன்னலில் பழைய பெயின்ட் உரிந்திருந்தால் பிள்ளைக்கு எட்டாமல் செய்து, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். வறட்டுத் துடைப்பத்தால் கூட்டினால் தூசிதான் பறக்கும். மகள் விடாமல் வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மந்தமாகத் தூங்கி வழிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, ரத்தப் பரிசோதனைக்கு நாள் பார்க்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், ராத்திரியானாலும் சரி.