பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை பள்ளிக்கூடத்தில் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அடுத்த வாரம் கம்பி போடப் போகிறோம், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள், நடுவில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஏழு மணிக்குச் சோறு கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, நாலே முக்கால் வரை அவள் என்ன தின்றாள் என்று தெரியாமல் இருக்கிறவராகத்தான் இருப்பீர்கள். பிரஷ், பேஸ்ட் பற்றியெல்லாம் டாக்டர் சொல்லித் தருவார். மத்தியானம் வாய் கொப்பளிக்க ஒரு குழாயும் ஐந்து நிமிடமும் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியமண்டபம் பக்கம். மகளுக்கு மேல்வரிசைப் பல் முன்னால் தள்ளியிருந்தது. கீழ்ப்பல் போய் அண்ணத்தில் இடிக்கும். ஆறாம் வகுப்பில் படியில் விழுந்து முன்பல்லின் நுனி உடைந்தது. தள்ளி நிற்கும் பல்தான் முதலில் அடி வாங்கும் என்று மார்த்தாண்டத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டர் சொன்னார். போன வருடம் ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் கம்பி போட்டோம். ஏப்ரல், மே லீவில் போட்டிருந்தால் வாய் பழகியிருக்கும். சீட்டுப் பணம் கைக்கு வந்தது ஜூனில்தான்.

பல்லுக்கு 40,000 ரூபாயா, காசு இருக்கிறவர்கள் பேச்சு இது என்று யாராவது சொல்வார்கள். முன்பணம் 10,000. மீதியை ஒவ்வொரு தடவை போகும்போதும் 1,500 வீதம் கட்டுகிறோம். நான் தையல் தைக்கிறேன், அவள் அப்பா பெயின்டிங் வேலைக்குப் போகிறார். அழகுக்காகப் போட்டதில்லை. அழகுக்காகவே போட்டிருந்தாலும் அது தப்பு என்று நான் நினைக்கவில்லை.

போட்ட முதல் வாரம் கஞ்சி, ரசம் சோறு என்று ஓடியது. அப்புறம் வழக்கம்போல டப்பா கட்டினேன். தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. பிள்ளை பழகிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்து யூனிபார்ம் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்திக்கொண்டு போனாள். அன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. என் கொழுந்தனாரின் மகளும் அதே பள்ளிக்கூடம். ஒருநாள் சாயங்காலம் அவள்தான் சொன்னாள்: "பெரியம்மா, அக்கா சோறு திங்கவே மாட்டா. எல்லாத்தையும் என் டப்பால கொட்டுவா."

ராத்திரி பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். நான் கட்டிவிட்ட முருங்கைக்கீரைத் துவரன், அதாவது தேங்காய் போட்ட பொரியல், கம்பியில் சிக்கியிருக்கிறது. "உன் வாயில தோட்டம் போட்டிருக்கா" என்று ஒரு பிள்ளை கேட்க, பெஞ்சே சிரித்திருக்கிறது. கொப்பளிக்கப் போனால், இருக்கிற ஆறு குழாயில் இரண்டில் தண்ணீர் வராது. மீதி நாலிலும் பையன்கள் டப்பா கழுவிக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடி கிடையாது. மணி அடித்துவிடும். அதைவிட ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. காலை ஏழரை முதல் நாலே முக்கால் வரை, மூன்று வாரம். "மக்களே, ஏன் எங்கிட்ட சொல்லல" என்றேன். "நீ சீட்டு எடுத்துப் போட்டதும்மா. வேண்டாம்னு எப்படிச் சொல்ல" என்றாள்.

மறுநாள் தைக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கிளாஸ் டீச்சர் முதலில், ஒரு பிள்ளைக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றுதான் சொன்னார். நான் சண்டை போடவில்லை. இடுப்பில் ஊக்கு குத்தியிருக்கும் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டீச்சர்கள் அறையில் இருக்கும் வாஷ்பேசினில் வாய் கழுவிக்கொள்ளட்டும், அங்கே கண்ணாடியும் இருக்கிறது என்றார். அந்த டீச்சர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, 46 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்குத் தெரியும். அன்றிலிருந்து பிள்ளை சாப்பிட்டாள். நீங்கள் கம்பி போடுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

டப்பா விஷயம். கீரை, தேங்காய் போட்ட துவரன், நார் உள்ள காய் எதையும் மத்தியானத்துக்கு வைக்காதீர்கள், ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். குழைந்த சோறு, பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன், மசித்த மரச்சீனிக் கிழங்கு, இடியாப்பம் எல்லாம் சரி. நம் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் இதற்கென்றே விளைந்த மாதிரி இருக்கிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, கைக்குழந்தைக்கே மசித்துக் கொடுக்கிற பழம். கொய்யாவோ ஆப்பிளோ என்றால் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள், முன்பல்லால் கடிக்கவே கூடாது. ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, கடலை மிட்டாய் எதுவும் ஆகாது. இதில் நாம் கொடுப்பதைவிடப் பிறந்தநாள், திருவிழா என்று மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டுவதுதான் ஆபத்து. ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்துத்தான் என் மகளுக்கு ஒரு பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு, கழன்றது. அதைப் பேப்பரில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள், டாக்டரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். மஞ்சள் போட்ட கறி தின்றால், பிராக்கெட்டைச் சுற்றியிருக்கும் குட்டி ரப்பர் ஒரே நாளில் மஞ்சளாகிவிடும். அதனால் ஒன்றும் கெடாது, ஆனால் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பேசும். அடுத்த தடவை வெள்ளைக்குப் பதிலாக நீலமோ சாம்பலோ கேளுங்கள்.

பையில் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ் வைத்திருக்கிறாள். மடக்குகிற பிரஷ், பல்லிடுக்கில் விடுகிற குச்சி பிரஷ், உள்ளங்கைக் கண்ணாடி, கம்பி குத்துகிற இடத்தில் வைக்கிற மெழுகு, ஒரு துண்டு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். இந்த மெழுகைப் பற்றி நான் அசட்டையாக இருந்துவிட்டேன். செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை நடக்கும்போது கடைசிப் பல்லுக்குப் பின்னால் கம்பி நீட்டிக்கொண்டு கன்னத்தில் குத்தியிருக்கிறது. பேனாவைப் பிடித்த கைதான் எழுதியது, இன்னொரு கை கன்னத்தை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்றாள். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து காட்டினபோது உள்கன்னத்தில் மிளகு அளவுக்குப் புண். அதற்குப் பிறகுதான் கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை பழக்கினேன். முதலில் துணியால் அந்த இடத்தின் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் இருந்தால் மெழுகு நிற்காது. பயறு அளவு மெழுகைக் கிள்ளி, விரல் சூட்டில் உருட்டி, குத்துகிற முனைமேல் வைத்து அமுக்க வேண்டும். சாப்பிடும் முன் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வைக்கலாம். தெரியாமல் விழுங்கிவிட்டாலும் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். கம்பியை நாமே நகவெட்டியால் வெட்டப் போகக்கூடாது.

ஏழெட்டு மாதம் கழித்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இழுத்து மாட்டும் ரப்பரும் தந்தார்கள். பாக்கெட்டில் முயல் படம் போட்டிருக்கும். சாப்பிடும்போது கழற்றிவிட்டு, வாய் கொப்பளித்ததும் புதியதை மாட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டால் அன்றைக்குப் பாதி நாள் வீண். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்துவது அந்த இழுப்பில்தான். டப்பா மூடியின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு முயல் வரைந்துவிட்டேன், அதைப் பார்த்தால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு அவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும். மத்தியானம் பிரஷ் பண்ண முடியாவிட்டால் நன்றாகக் கொப்பளித்தாலே போதும் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். ராத்திரி பிரஷ்ஷை மட்டும் விட்டுவிடக்கூடாது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால், கம்பியைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்கு அப்படி ஆகியிருக்கிறது. தூத்தூர் பக்கமெல்லாம் பையன்கள் பந்து விளையாடாமல் இருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பல்லுக்கு மாட்டும் உறை ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கம்பி முறுக்கும் நாளைச் சனிக்கிழமையாக வையுங்கள். மறுநாள்தான் வலி அதிகமாக இருக்கும், ஞாயிறு வீட்டில் கழிந்துவிடும். இதைக்கூட நாங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் வார நாளில் சாயங்காலம்தான் நேரம் வாங்கியிருந்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் சரியாக மலையை உடைத்து ஏற்றிக்கொண்டு டாரஸ் என்கிற பெரிய லாரிகள் வரிசையாக வரும். அழகியமண்டபத்திலிருந்து மார்த்தாண்டம் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டு தடவை நாங்கள் போய்ச்சேர்ந்தபோது டாக்டர் கிளம்பிவிட்டார். நம் மலை கல்லாகவும் மண்ணாகவும் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது, பஸ்ஸுக்குள் நம் பிள்ளைகள் தூசியைத் தின்றுகொண்டு நிற்கிறார்கள். சைக்கிளில் வருகிற பிள்ளைகளை நினைத்தால் வயிறு கலங்குகிறது. கேட்டால் கல் கொண்டுபோக அனுமதி பாஸ் இருக்கிறது என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மாதாமாதம் அந்த ரோட்டில் நிற்கிறவளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த முறுக்கு வருகிற சனிக்கிழமை, ஆறு மணிக்கு. நாலரைக்கே கிளம்பிவிடுவோம்.