வாசகர் கேள்வி: விற்பனைத் தளம் பிடித்துக்கொள்ளும் பணம்

இளம்பிள்ளையில் சேலை எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. 1,000 ரூபாய்க்கு விற்ற சேலைக்கு வங்கியில் 700 ரூபாய்தான் ஏறியது. கமிஷன் 15 சதவீதம் என்றார்களே, மீதி எங்கே போனது?
– வாசகி, ஈரோடு

கமிஷன் என்பது பிடித்தங்களில் ஒன்றுதான். தளம் உங்களுக்குத் தரும் பணப்பட்டுவாடாக் கணக்கை (செட்டில்மென்ட் ரிப்போர்ட்) திறந்து, அந்த ஒரு ஆர்டரை மட்டும் எடுத்துப் பாருங்கள். கமிஷன் 150, ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையாக வாங்கும் குளோசிங் கட்டணம் 30, கூரியர் 70 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 250 ரூபாய். இந்தக் கட்டணங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 45. ஆக 295 ரூபாய் போய்விட்டது. பலரும் கணக்கில் விடுவது இந்த 45 ரூபாயைத்தான்.

அடுத்து டிசிஎஸ், அதாவது உங்கள் விற்பனைத் தொகையில் தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி. 2024 ஜூலை 10 முதல் இது அரை சதவீதம். சேலைக்கு 5 சதவீத வரி என்பதால், வரி நீக்கிய விலை 952.38, அதில் அரை சதவீதம் 4.76. எல்லாம் போக 700.24 வரும். பான் கொடுத்திருக்கும் தனிநபருக்கு, ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாதவரை வருமான வரிக்கான பிடித்தமான டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள். தாண்டினால் 0.1 சதவீதம். பான் இல்லாவிட்டால் 5 சதவீதம். அதற்கு இடம் வைக்காதீர்கள்.

இவற்றில் உங்களுக்குத் திரும்பி வருவதும் உண்டு. டிசிஎஸ் தொகையை ஜிஎஸ்டி தளத்தில் நீங்களே ‘ஏற்கிறேன்’ என்று பதிவு செய்தால்தான் அந்தத் தளத்திலுள்ள உங்கள் ரொக்கக் கணக்கில் சேரும். மாதாமாதம் செய்யாமல் விட்டு, பணம் அங்கேயே கிடப்பவர்கள் ஏராளம். கட்டணத்தின் மேல் கட்டிய 45 ரூபாயையும், சேலை வாங்கியபோது கட்டிய வரியையும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். 550 ரூபாய்ச் சேலைக்கு 27.50 வரி கட்டியிருந்தால் வரவு 72.50, நீங்கள் கட்ட வேண்டியதோ 47.62தான். மீதி 24.88 வரவுக் கணக்கில் நிற்கும். டிசிஎஸ் திரும்பினால் வருவது 705, அதில் சேலைக்குக் கொடுத்த 577.50 போக, கையில் நிற்கும் லாபம் 127.50. பேக்கிங் செலவை அதில்தான் கழிக்க வேண்டும்.

கமிஷனையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறேன். ஆனாலும் குறைகிறதே?
– வாசகர், திருப்பூர்

அடக்க விலையின் மேல் 15 சதவீதம் கூட்டியிருப்பீர்கள். தளம் விற்பனை விலையின் மேல் எடுக்கிறது. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் அது 17.7 சதவீதம். செலவும் லாபமும் சேர்ந்து 700 ரூபாய் வேண்டும் என்றால் 805 என்று வைக்கிறீர்கள். கமிஷன் போக 662தான் மிஞ்சும். 700-ஐ 0.823 ஆல் வகுக்க வேண்டும். விலை 851. குளோசிங் கட்டணம், கூரியர், அவற்றின் வரி எல்லாம் அந்த 700-க்குள் முதலிலேயே இருக்க வேண்டும்.

திரும்பி வரும் பார்சலையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனை ரத்தானால் கமிஷன் பெரும்பாலும் திரும்பும். போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில்தான். 100 அனுப்பி 15 திரும்பி, ஒவ்வொன்றுக்கும் 140 ரூபாய் நஷ்டம் என்றால், விற்றுப்போன 85 பொருள்களும் தலைக்கு ஏறக்குறைய 25 ரூபாய் சுமக்கின்றன. துணி வியாபாரத்தில் இதை விட்டுக் கணக்குப் போடவே கூடாது.

900 கிராம் பொம்மைக்கு 5 கிலோ கூரியர் கட்டணம் போட்டிருக்கிறார்கள். தவறுதானே?
– வாசகி, மதுரை

பெட்டியை அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழக்கம். 40, 30, 20 என்றால் 4.8 கிலோ. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உயரத்தை 10 ஆக்கினால் 2.4 கிலோவாகப் பாதியாகும். அளவு சரியாக இருந்தும் கூடப் போட்டிருந்தால், பெட்டியின் மேல் அளவு டேப் வைத்த புகைப்படத்தோடு, தளம் தரும் கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் விற்க முடியுமா?
– வாசகர், நாமக்கல்

2023 அக்டோபர் 1 முதல் முடியும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டுமே விற்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் பான் கொடுத்து ஒரு சேர்க்கை எண் (என்ரோல்மென்ட் நம்பர்) வாங்க வேண்டும், இது ஜிஎஸ்டி பதிவு அல்ல. டிசிஎஸ் கிடையாது. ஆனால் கட்டணத்தின் மேலான 18 சதவீதம் முழுச் செலவு. வரவு எடுக்க முடியாது.

பழைய செல்போனை 8,000-க்கு வாங்கி 10,000-க்கு விற்றால் முழுத் தொகைக்கும் வரியா?
– வாசகர், கோவை

இல்லை. வாங்கும்போது வரி வரவு எடுக்காமல், போனின் தன்மை மாறாத சிறு பழுது மட்டும் பார்த்து விற்றால், 2,000 ரூபாய் வித்தியாசத்துக்கு மட்டுமே 18 சதவீத ஜிஎஸ்டி. விலைக்குள் வரி அடங்கியிருந்தால் அது 305 ரூபாய். கமிஷனுக்கு அந்தச் சலுகை இல்லை, 10,000-க்கும் எடுப்பார்கள். 5 சதவீதம் என்றாலும் வரியோடு 590. கமிஷன் மேலான வரி வரவைச் சேர்க்காவிட்டால், கூரியருக்கு முன்பே மிச்சம் 1,105தான் என்பதை வைத்து வாங்கும் விலையைப் பேசுங்கள்.