கணிதத்தை முடித்துவிட்டுத்தான் அறிவியலுக்குப் போக வேண்டுமா?

கணிதத்தை முழுசாகப் படித்த பிறகுதான் இயற்பியல், உயிரியல் பக்கம் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. அப்படிக் காத்திருந்தால் போகவே மாட்டீர்கள். கணிதம் முடிகிற சமாச்சாரம் இல்லை.

ஓர் எளிய வகைக்கெழுச் சமன்பாட்டை, அதாவது ஒன்று மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாட்டை, எடுத்துக்கொள்வோம்: ஒன்று குறையும் வேகம், அதில் மீதமிருக்கும் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 சிதைவது இப்படித்தான். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதி, இன்னொரு 5,730 ஆண்டுகளில் கால் பங்கு. ரத்தத்தில் பல மருந்துகளின் அளவு குறைவதும் இதேதான், என்ன, மணிக்கணக்கில் நடக்கும். சூடான காபி ஆறுவதும் ஏறக்குறைய இதே கதை. ஆனால் அங்கே இப்படிக் குறைவது காபியின் வெப்பநிலை அல்ல, காபிக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். இந்த 'ஆனால்' பிடிபட்ட பிறகுதான் எனக்கு அடுக்குக்குறிச் சார்பே (சம கால இடைவெளிகளில் ஒரே விகிதத்தில் மாறும் சார்பு) உறைத்தது.

வெப்பம் பரவுவதை விளக்கப் போய்த்தான் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே தன் தொடரை (ஒரு சார்பை சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதும் முறை) வளர்த்தார்; 1822-இல் நூலாக்கினார். கணிதம் முதலில் வந்து அறிவியல் பிறகு அதைப் பயன்படுத்திய எதிர்த்திசையும் உண்டு. ஜெர்மன் கணித அறிஞர் ரீமான் 1854-இல் முன்வைத்த வளைந்த வெளிகளின் வடிவியல், 1915-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டுக்குக் கைகொடுத்தது. அதனால் 'இதற்கு என்ன பயன்?' என்று எதையும் அவசரமாக ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: பயன்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் சூத்திரத்தில் எண்ணைப் போடும் பழக்கம்தான் மிஞ்சும். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். அப்புறம் கணக்குக்குப் போங்கள்.