எந்தப் பனி, எந்த நிழல்?

(ஆங்கிலச் சொற்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை பதிலளிக்கிறார்)

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தோம். விடிகாலையில் புல்தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததைப் படமெடுத்து, ‘ஸ்னோ இன் ஊட்டி’ என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். டெல்லியில் இருக்கும் என் தம்பி, ‘அது ஸ்னோ இல்லக்கா’ என்கிறான். கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? – வாசகி, ஈரோடு

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. நீங்கள் பார்த்ததும் பொய்யில்லை. அதன் பெயர் ‘ஃப்ராஸ்ட்’. நாளிதழ்களில் ‘உறைபனி’ என்று போடுகிறார்களே, அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளிக்கூடம் ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். சேர்ந்த சில நாளிலேயே, தை மாதம், பால் வாங்கக் கதவைத் திறந்தால் எதிரே புல்வெளி முழுக்க உப்பைத் தூவினாற்போல் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் வெள்ளை ஊசி ஊசியாக நின்றது. செருப்புக்காலை வைத்ததும் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பக்கத்து வீட்டு அம்மா, “ராத்திரி வானம் சுத்தமா இருந்துச்சு, நட்சத்திரமெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அப்பவே நினைச்சேன் டீச்சர்” என்றார். தேயிலைக் கொழுந்து கருகிவிடுமே என்ற கவலை அவருக்கு.

அவர் வானத்தைப் பார்த்துச் சொன்னதில்தான் இரண்டு சொற்களின் வேறுபாடும் இருக்கிறது. ‘ஸ்னோ’ மேகத்திலிருந்து விழுவது. ஃப்ராஸ்ட் எங்கிருந்தும் விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். புல்லின் மேற்பரப்பு பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கியதும், காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே பனிக்கட்டியாகப் படிகிறது. அவ்வளவு குளிராமல் ஈரம் நீராகவே படிந்தால் அது ‘டியூ’. மார்கழிக் காலையில் கோலம் போடப் போகும்போது செம்பருத்தி இலையில் முத்து முத்தாக நிற்பது அது.

நாம் எல்லாவற்றுக்கும் ‘பனி’ என்கிறோம். “பனி பெய்யுது, தலையில துணி போட்டுக்கோ” என்று சொல்லியே வளர்ந்ததால், எல்லாப் பனியும் மேலிருந்து பெய்வதாக நமக்கு ஒரு நினைப்பு. ஸ்னோ என்று எழுதவைப்பது அந்த நினைப்புதான். தமிழ்ச் சொல்லில் குறை என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் ஸ்னோ விழாத ஊரில் அதற்குத் தனிச் சொல் எதற்கு?

கூடவே ‘ஃபாக்’, ‘மிஸ்ட்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்த கடிதத்தில் யாராவது கேட்பார்கள். இரண்டும் காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள்தான். வானிலைத் துறையிலும் விமான நிலையங்களிலும் கணக்கு இதுதான்: 1,000 மீட்டர் தூரம்கூடத் தெரியவில்லை என்றால் ஃபாக். அதற்கு மேல் தெரிந்தால் மிஸ்ட். போகியன்று சென்னையில் பழைய பொருளை எரித்த புகையும் பனியும் சேர்ந்து கண்ணை மறைக்கிறதே, அது ‘ஸ்மாக்’. ‘ஸ்மோக்’கும் ஃபாக்கும் ஒட்டிப் பிறந்த சொல்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ‘வி சாட் அண்டர் தி ஷேடோ ஆஃப் எ நீம் ட்ரீ’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். வேப்பமர நிழல் ஷேடோ இல்லையா? – வாசகர், திருமங்கலம்

பதில்: உட்கார்ந்த இடத்தைச் சொல்லும்போது அது ‘ஷேட்’. வெயில் படாத இடம், இளைப்பாறும் இடம். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பதில் வருவது இந்த நிழல். ‘ஷேடோ’ என்பது உருவம். சுவரில் விழுகிற கை நிழல், “நிழல் மாதிரி கூடவே திரியறான்” என்கிற நிழல். அதற்கு விளிம்பு உண்டு, சொந்தக்காரர் உண்டு. அந்த வேப்பமரத்துக்கும் ஷேடோ உண்டு. சாயங்காலம் தெருவின் குறுக்கே நீண்டு விழுமே, அந்த வடிவத்தைப் பற்றி எழுதினால் ஷேடோ சரி.

மகளை எதுவும் சொல்லாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் இருந்தன. நம் ‘மரம்’, வேற்றுமை உருபு சேரும்போது ‘மரத்து’ என்று மாறுகிறதல்லவா? அதுபோல எழுவாயாக நின்ற வடிவத்திலிருந்து ஷேட் வந்தது, வேற்றுமை ஏற்ற வடிவத்திலிருந்து ஷேடோ வந்தது. இரண்டும் பிழைத்து, பிற்பாடு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன.

‘அண்டர்’ எங்கிருந்து வந்தது என்றும் தெரிகிறது. ‘மரத்தடியில்’ என்று நினைத்து எழுதியிருக்கிறாள். மரத்துக்கு அது பொருந்தும், ‘அண்டர் தி ட்ரீ’. நிழலுக்கு, நாம் ‘நிழலில்’ என்பதைப் போலவே ‘இன் தி ஷேட்’.

கேள்வி: ‘பிரிங்’, ‘டேக்’, ‘ஃபெட்ச்’ குழப்புகிறது. – வாசகி, காரைக்குடி

பதில்: தமிழிலேயே பதில் தயாராக இருக்கிறது. கொண்டு வா, கொண்டு போ, போய் எடுத்துக்கிட்டு வா. இதே வரிசைதான்.

கேள்வி: இருபது வருஷமாக டேங்கர் லாரி ஓட்டுகிறேன். என் வண்டியில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. புதிதாக வந்த வண்டியில் ‘ஃப்ளேமபிள்’ என்று இருக்கிறது. ‘இன்’ சேர்ந்தால் எதிர்ப்பதம் என்று மகன் சொல்கிறான். அப்படியானால் இத்தனை வருஷம் தப்பாகவா எழுதி ஓட்டினோம்? – வாசகர், நாமக்கல்

பதில்: தப்பில்லை ஐயா. இரண்டுக்கும் ஒரே பொருள்தான், எளிதில் தீப்பற்றும். ‘இன்கம்ப்ளீட்’ போன்ற சொற்களில் ‘இன்’ என்பது ‘இல்லை’யைக் குறிக்கும். உங்கள் மகன் அதை வைத்துச் சொல்கிறார். இந்தச் சொல் ‘கொளுத்து’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அங்கே ‘இன்’னுக்கு ‘உள்ளே’ என்று பொருள், மறுப்பு இல்லை.

உங்கள் மகன் நினைத்தது போலவே பலரும் நினைப்பார்கள், அதனால் உயிர் போகும் என்று பயந்துதான், 1920களில் அமெரிக்காவில் தீத்தடுப்புத் துறையினர் ‘இன்’னை விட்டுவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதும்படி வலியுறுத்தினார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. தீப்பற்றாத பொருளுக்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று போடுவார்கள். மற்ற இரண்டில் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. உங்கள் கிளீனர் பையனிடமும் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.