வேர்க்கடலை ஒவ்வாமையும் ஹாலோவீன் மிட்டாயும்

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஐந்து வயது மகனை நியூஜெர்சியில் ஹாலோவீன் மாலையில், மற்றக் குழந்தைகளைப் போல வேடமிட்டு மிட்டாய் வாங்க, வீடு வீடாக அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் வீடு திரும்பி நீங்கள் பார்க்கும்வரை ஒரு மிட்டாயைக்கூட வாயில் போடக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லி, வழியில் அடம்பிடித்தால் கொடுக்க அவனுக்கு ஒத்துக்கொள்ளும் தின்பண்டம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வழக்கமாக அவன் சாப்பிடும் மிட்டாய்தானே என்று நம்பிவிட வேண்டாம். அதன் சிறிய அளவுப் பொட்டலத்தில் சேர்மானங்கள் மாறியிருக்கக்கூடும், பல சிறு உறைகளில் சேர்மானப் பட்டியலே அச்சிடப்பட்டிருக்காது. அத்தகையவற்றைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வைத்திருக்கும் வீடுகளில் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக மிட்டாய்க்குப் பதில் பொம்மை, ஸ்டிக்கர் போன்றவை கிடைக்கும். கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே போட மருத்துவர் எழுதிக் கொடுத்த எபிபென் ஊசி காரில் அல்ல, உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். அவன் போடப்போகும் வேட உடை கறுப்பு என்றீர்கள். இருட்டில் வாகன ஓட்டிகளின் கண்ணில் படும்படி அதன் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டுங்கள்.