நள்ளிரவில் கைக்கு வரும் சாவி: வாசகர் கேள்வி – பதில்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, ராத்திரி நேரத்தில் வெளிநாட்டில் இறங்கி, அங்கேயே வாடகைக் கார் எடுத்து ஓட்டப்போகிறவர்களின் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். இங்கே எடுத்த லைசென்ஸ் போதாதா? (வடசேரி)

போதாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் (டி.என். 74), மார்த்தாண்டம் (டி.என். 75) இரண்டில் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதுவோ அங்கே படிவம் 4ஏ கொடுக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் பெர்மிட்டும் அதோடு முடிந்தது. அசல் லைசென்ஸ் கார்டு கூடவே இருக்க வேண்டும். டிஜிலாக்கரைக் காட்டினால் அங்கே வாடகைக் கார் கவுன்ட்டரில் எடுபடாது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், லைசென்ஸில் இனிஷியல் மட்டும், கிரெடிட் கார்டில் வேறு மாதிரி. கவுன்ட்டரில் இருப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. பெர்மிட் எடுக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி கேளுங்கள்.

கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். மகளின் கார்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். டெபாசிட் தொகையை அதில் பிளாக் செய்வதால், பல இடங்களில் டெபிட் கார்டு செல்லாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் இங்கேயே ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போனபிறகு ஓ.டி.பி. வரவில்லை என்றால் அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

விமானம் 11.40க்கு இறங்கும். அதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டால்? (கருங்கல்)

புக் செய்யும்போது விமான எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். விமானம் தாமதம் என்று தெரிந்தால்தான் காத்திருப்பார்கள். இல்லாவிட்டால் வரவில்லை என்று எழுதி, காரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் பிக்கப் நேரத்தை 12.45 என்று போடுங்கள். அந்தக் கிளை எத்தனை மணி வரை திறந்திருக்கும், அலுவலக நேரத்துக்கு அப்புறம் எடுத்தால் தனிக் கட்டணமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். ஐரோப்பாவில் சும்மா கார் என்று கேட்டால் கியர் வண்டிதான் வரும். ஆட்டோமேட்டிக் என்று தனியாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இடப்பக்க ஸ்டியரிங்கில் கியரை வலது கையால் போட வேண்டியிருக்கும். புது ஊர், இருட்டு, அதோடு இதுவும் வேண்டாம்.

எங்களைக் கேட்டால், அன்று ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரூம் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் கார் எடுப்பதே புத்தி. ரூம் வாடகை செலவாகத் தெரியும். காரின் ஒரு ரிம் சுரண்டினால் அதைவிட அதிகம் போகும்.

இருட்டில் காரை எப்படிச் சரிபார்ப்பது? பழைய கீறலுக்கு நம்மிடம் பணம் பிடிப்பார்களாமே! (மார்த்தாண்டம்)

பிடிப்பார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட தொகை வரை சேதம் நம் பொறுப்பு. டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பக்கம் ஆகியவை பெரும்பாலான அடிப்படை பாலிசிகளில் வராது. அதனால் கேட்டைத் தாண்டும் முன் கால் மணி நேரம் அங்கேயே செலவழியுங்கள்.

முடிந்தால் காரை விளக்குக் கம்பத்துக்குக் கீழே நகர்த்துங்கள். மழை பெய்திருந்தால் டிஷ்யூவால் துடையுங்கள். நீர்த்துளி கீறலை மறைக்கும். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் பெயின்ட் பளபளப்பது மட்டும்தான் தெரியும். கதவோடு ஒட்டினாற்போல், பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடியுங்கள். அப்போது ஒடுக்கு இருக்கும் இடத்தில் நிழல் விழும். டிரைவர் கதவில் தொடங்கி ஒரு சுற்று வாருங்கள். நான்கு ரிம், டயரின் பக்கச்சுவரில் வெட்டு, பம்பரின் கீழ் உதடு, சைடு மிரர் முனை, முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, கூரையின் விளிம்பு. பலர் குனிந்து பம்பரின் கீழே பார்ப்பதில்லை. தகராறு அங்கிருந்துதான் வரும்.

இதையெல்லாம் ஒரே வீடியோவாக, நிறுத்தாமல் எடுங்கள். நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிய முடியுங்கள். கண்ட சேதத்தை ஒப்பந்தத் தாளில் உள்ள கார் படத்தில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆளில்லாமல் பெட்டியிலிருந்து சாவி எடுக்கும் முறையென்றால், பார்க்கிங்கில் இருந்தபடியே படங்களை அவர்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

இருபது வருஷமாக இடப்பக்கம் ஓட்டுகிறவன். வலப்பக்கம் ஓட்டுவது அவ்வளவு கஷ்டமா? (தக்கலை)

நெரிசலில் கஷ்டமில்லை, முன்னால் போகிறவன் பின்னால் போய்விடலாம். காலியான ராத்திரிச் சாலைதான் ஆபத்து. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும், ஒருவழிப் பாதை முடிந்து இருவழி தொடங்கும் இடத்திலும் கை தானாகவே இடப்பக்கம் திருப்பும்.

இன்னொன்று. இங்கே நாம் காரின் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால், உடம்பு லேனின் வலது பாதியில் இருந்தே பழக்கம். அங்கே இடப்பக்கம் உட்கார்ந்தாலும் உடம்பு அதே வலது பாதியைத் தேடும். நாம் அங்கே நகர்ந்தால் காரின் மீதி அகலம் முழுவதும் வலது ஓரத்தைத் தாண்டும். முதல் நாள் ராத்திரியே வலது ரிம் ஓரக்கல்லில் உரசுவது இதனால்தான். சாலையின் நடுக்கோடு எப்போதும் உங்கள் இடது முழங்கைப் பக்கம் இருக்கட்டும். சைடு மிரர் இரண்டிலும் பாருங்கள். பின்சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

ரவுண்டானாவில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நுழையும்போது பார்க்க வேண்டியது இடது பக்கம். ஜெர்மனியில் சில சந்திப்புகளில் ராத்திரி சிக்னலை அணைத்துவிடுவார்கள். அப்போது பலகைதான் சட்டம்: மஞ்சள் சதுரத்தை முனையில் நிறுத்தியது போல் இருந்தால் வழி உங்களுக்கு, தலைகீழ் முக்கோணம் என்றால் நீங்கள் விட வேண்டும். எந்தப் பலகையும் இல்லாவிட்டால் வலமிருந்து வருபவர் முதலில் போவார்.

இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும், சிரிக்காதீர்கள். நம் மாருதியில் இண்டிகேட்டர் வலது கைக்கு, ஐரோப்பியக் காரில் இடது கைக்கு. நிறுத்தியிருக்கும்போதே பத்து முறை போட்டுப் பழகுங்கள்.

லைட் விஷயத்தில் என்ன வித்தியாசம்? (குளச்சல்)

கார் ஸ்டார்ட் ஆனதுமே முன்னால் பகல் விளக்கு எரியும், டேஷ்போர்டும் பளிச்சென்று இருக்கும். லைட் போட்டாயிற்று என்று கிளம்பிவிடுவார்கள். பல கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். சுவிட்சை ஆட்டோவில் அல்லது ஹெட்லைட்டில் வைத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்னால் சிவப்பு எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எதிரே வருபவரும் டிம் பண்ண மாட்டார், நாமும் பண்ண மாட்டோம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றாதீர்கள். இங்கே லைட்டை மினுக்கினால் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். பிரிட்டனில் பலர் ‘நீ போ’ என்று சொல்லத்தான் மினுக்குவார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? மினுக்கவே வேண்டாம்.

ஹார்ன்? (இரணியல்)

பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஹார்ன் அடிக்கவே கூடாது. மற்ற நேரத்திலும் ஆபத்துக்கு மட்டும்தான்.

பெட்ரோல் போடுவது எப்படி? பங்கில் ஆளே இருக்க மாட்டார்களாமே. (திங்கள்சந்தை)

நீங்களே பிடிக்க வேண்டும். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்பதை, பெட்ரோல் முள் பக்கத்தில் உள்ள பம்ப் படத்தை ஒட்டிய சிறு அம்புக்குறி காட்டும். ஐரோப்பிய யூனியனில் 2018 அக்டோபர் முதல் பெட்ரோலுக்கு வட்ட ஸ்டிக்கர், டீசலுக்குச் சதுர ஸ்டிக்கர். மூடியின் உட்புறத்திலும் அதே வடிவம் ஒட்டியிருக்கும். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள்: பிரிட்டனில் பச்சை நாசில் பெட்ரோல், அமெரிக்காவில் பச்சை பெரும்பாலும் டீசல்.

டீசல் நாசில் பருமன் என்பதால் பெட்ரோல் காரின் வாயில் நுழையாது. பெட்ரோல் நாசில் மெல்லியது. டீசல் காரில் தாராளமாக நுழையும். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. பம்ப் ஓடினால் பெட்ரோல் இன்ஜெக்டர் வரை போய்விடும். நின்ற இடத்திலிருந்தே வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

அண்ணன் துபாயில் இருக்கிறார். விசிட் விசாவில் போய் ஓட்டலாமா? டோல் எவ்வளவு? (குழித்துறை)

விசிட்டில் பெர்மிட்டோடு வாடகைக் கார் ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா வந்துவிட்டால் உள்ளூர் லைசென்ஸ் வேண்டும். சாலிக் எனப்படும் துபாய் டோல் 2025 ஜனவரி 31 முதல் நேரத்துக்கு ஏற்ப மாறும்: வார நாட்களில் காலை 6–10, மாலை 4–8 மணிக்கு 6 திர்ஹம், மற்ற நேரம் 4, நள்ளிரவு 1 முதல் 6 வரை இலவசம். ரமலானில் நேரம் மாறும். துபாயில் வேகப்பலகைக்கு மேல் 20 கி.மீ. வரை கேமரா விடும். அபுதாபி எல்லைக்குள் அந்தச் சலுகை கிடையாது. பலகையில் உள்ளதுதான் கணக்கு.

தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறந்து பாட்டுப் போட்டால் சமாளிக்கலாமே? (ஆரல்வாய்மொழி)

முடியாது. ஜெர்மனியில் கோடைக்கால ராத்திரி 11.40 என்றால் உங்கள் உடம்புக்கு அதிகாலை 3.10. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் அசந்தால் 83 மீட்டர் போயிருப்பீர்கள். முதல் கொட்டாவியிலேயே ஓய்விடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே கால் மணி நேரம் தூங்குங்கள்; எழும்போது காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஹைவேயின் ஓர லேனில் நிறுத்தித் தூங்கக் கூடாது.

திரும்பக் கொடுப்பதும் ராத்திரிதான். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாமா? (நாகர்கோவில்)

போடலாம். ஆனால் பல ஒப்பந்தங்களில், காலையில் கவுன்ட்டர் திறந்து அவர்கள் பார்க்கும்வரை வண்டி உங்கள் பொறுப்பு. அதனால் எடுக்கும்போது எடுத்த அதே சுற்றை மறுபடி வீடியோ எடுங்கள். முழு டேங்கோடு எடுத்தால் முழு டேங்கோடு விட வேண்டும். கடைசியாகப் போட்ட பங்க் ரசீதையும் நிறுத்திய தூணின் எண்ணையும் படம் பிடித்துக்கொண்டு, அப்புறம் சாவியைப் போடுங்கள்.